பெயருக்குக் காத்திருந்த மின்மினி

கச்சிராயபாளையம்
9.7.2023

அன்புள்ள மாப்பிள்ளை தமிழழகனுக்கு,

அத்தை எழுதுகிறேன். நான் சுகம். முட்டிவலி மட்டும், மழை வரப்போவதை ரேடியோவுக்கு முன்பே சொல்லிவிடுகிறது. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? கல்கத்தாவில் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, இல்லை வாணி சொன்னதுபோல் பிஸ்கட்டிலேயே காலத்தை ஓட்டுகிறீர்களா?

போனில் பேசலாமே என்று நினைப்பீர்கள். போன மாதம் பேசிப் பார்த்தோமே. "சாப்பிட்டீங்களா அத்தை" என்றீர்கள். "ஆச்சுங்க" என்றேன். அதன்பிறகு இரண்டு பக்கமும் மூக்கை உறிஞ்சும் சத்தம்தான். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. எழுந்துபோய் அழுதுவிட்டு வந்து அடுத்த வரியை எழுதலாம்.

வாணியின் அலமாரியை இப்போதுதான் திறக்க மனம் வந்தது. சேலைகளுக்குப் பின்னால் ஒரு கண்ணாடிக் குப்பி. ஸ்பிரிட்டுக்குள் கட்டைவிரல் நீளத்தில் வெளிறிய மஞ்சளாக ஒரு பூச்சி. புழு என்றே நினைத்திருப்பேன். சீட்டில் அவள் கையெழுத்து: "வெள்ளிமலை, ஓடைக்கரை. மின்மினி, பெண். சிறகில்லை. கோகிலவாணி, அக்டோபர் 2022."

அந்த மாதக் கடைசியில்தான் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று கல்லூரிக்கும் போய்வந்தாள். புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உண்ணி கடித்ததால் வந்தது என்று தெரிந்தபோது நீங்கள் ரயிலில் வந்துகொண்டிருந்தீர்கள். அதை நான் திரும்ப எழுத வேண்டாம்.

அவள் சொன்ன ஒன்றை மட்டும் எழுதுகிறேன். "அம்மா, இந்த மலை மின்மினிக்கு இன்னும் யாரும் பேர் வைக்கலைன்னு நினைக்கிறேன். இதைப் பத்தி நான் கட்டுரை எழுதினா என் பேரை நானே வெச்சுக்க முடியாது, அசிங்கம். அவர் எழுதினா எனக்கு வெக்கலாம். அதுக்குத்தான் பூச்சிக்காரரா பார்த்துக் கட்டிக்கிட்டேன்." சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பு உங்களுக்குத் தெரியும்.

பூச்சிகளை இனம் பிரிப்பதுதானே உங்கள் வேலை. இதை நீங்கள் முடித்துக் கொடுக்க வேண்டும். எதைத் தேடிப் போய் அவள் உயிரை விட்டாளோ, அதற்கு அவள் பெயர் இருக்கட்டும். வேறு எதையும் நான் உங்களிடம் கேட்கப் போவதில்லை. வாணி உங்களுக்குப் பூச்சிகள் அனுப்பும்போது செய்வதுபோல ஸ்பிரிட்டை வடித்துவிட்டு ஈரப் பஞ்சில் வைத்து அனுப்பியிருக்கிறேன். கூரியர் கடைப் பையன் பெட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு, "டீச்சர், சரக்கா?" என்றான்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அத்தை,
அமிர்தம்


கல்கத்தா
2.8.2023

அன்புள்ள அத்தைக்கு வணக்கம்.

நான் நலம். உங்கள் முட்டிவலி தைலத்துக்குக் கேட்கவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். இங்கே மழை. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர்.

பஞ்சில் வைத்து அனுப்பியது பழுதில்லாமல் வந்தது. சீட்டை மட்டும் எடுத்து என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டேன். புதுச் சீட்டு எழுதி இணைத்துவிட்டேன்.

இது புழு இல்லை, முழுதும் வளர்ந்த பெண். இந்தக் கூட்டத்து மின்மினிகளில் பெண்ணுக்குச் சிறகே முளைக்காது. சிக்கல் என்னவென்றால், பல இனங்களில் பெண்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே உருவம். பெயர் வைத்தவர்கள் ஆணை வைத்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஆணின் வயிற்று நுனியில் இருக்கும் மிகச் சிறிய பாகத்தின் வடிவம் இனத்துக்கு இனம் மாறும். அதைப் பார்க்காமல் இது புதியதா, பழையதா என்று யாராலும் சொல்ல முடியாது. வாணிக்கும் ஆண் கிடைக்கவில்லை.

ஆணின் வெளிச்சம் மங்கலானது. கண்டுபிடிப்பது எளிதல்ல. நீங்கள் மலைக்குப் போக வேண்டாம். காரணத்தை நான் எழுத வேண்டியதில்லை.

அன்புடன்,
தமிழழகன்


கச்சிராயபாளையம்
10.9.2023

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம், நலமே தேவை. கோமுகி அணையில் தண்ணீர் ஏறுகிறது. கரும்புக்காரர்கள் முகத்தில் களை தெரிகிறது.

கோபித்துக்கொள்ளாதீர்கள், மலைக்குப் போய்விட்டு வந்தேன். உங்கள் கடிதம் எனக்கு நன்றாகப் புரிந்தது. பிரார்த்தனைக் கூட்டத்தில் ஒரே சீருடையில் திரும்பி நிற்கும் பிள்ளைகளை முதுகைப் பார்த்து இன்னார் என்று சொல்ல முடியாது, முகம் வேண்டும். இந்தப் பூச்சிக்கு முகம் ஆணிடம் இருக்கிறது. சரிதானே?

அதற்குப் பிறகு ஒன்று யோசித்தேன். பெண்ணால் பறக்க முடியாது. அப்படியானால் ஆண்தான் தேடிக்கொண்டு வர வேண்டும். பெண் இருக்கும் இடத்தில் நாம் உட்கார்ந்திருந்தால் போதாதா? முப்பத்தைந்து வருடம் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தியவளுக்கு இதுகூடத் தோன்றாவிட்டால் எப்படி?

காட்டுக்குள் போகவில்லை. வெள்ளிமலைக்கு இந்தப் பக்கம் சாலம்மாள் என்று ஒருத்தி. அவளுடைய மரவள்ளிக் கொல்லையை ஒட்டித்தான் அந்த ஓடை. வாணி அவள் வீட்டில்தான் தங்குவாளாம். என்னைப் பார்த்ததும் யார் என்று கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "மூக்கு அப்பிடியே கீது" என்றாள்.

உங்கள் மாமாவின் பழைய பேன்ட்டைச் சேலைக்குள் மாட்டிக்கொண்டு, கால்பகுதியைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு போனேன். சாலம்மாள் சிரித்த சிரிப்பில் நாய் குரைத்தது. "இன்னா டீச்சர், போலீசு வேலைக்குப் போறீங்களா?" என்றாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஓடைக்கரைச் சருகுக்குள் பச்சை வெளிச்சம் ஒன்று தெரிந்தது. விட்டுவிட்டு மின்னவில்லை, அணையாமல் நின்று எரிந்தது. வாணி பார்த்ததும் இதைத்தான். கொசுவலைத் துணியில் ஒரு பெட்டி தைத்துக் கொண்டுபோயிருந்தேன், அதற்குள் அந்தப் பெண் பூச்சியை விட்டு, கொல்லை ஓரத்தில் வைத்தேன். "வூட்ல கரண்ட் பில்லு ஜாஸ்தியாயிடுச்சா டீச்சர், பூச்சி வெளிச்சத்துல வந்து உக்காந்துக்கினு இருக்கீங்க?" என்று சாலம்மாள் கேட்டாள். ஆண் வரவில்லை. பெண்ணை எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டேன். மறுபடி போவேன்.

உங்கள் அத்தை,
அமிர்தம்


கல்கத்தா
24.9.2023

அன்புள்ள அத்தைக்கு வணக்கம்.

நலம். அவசரமாக எழுதுகிறேன்.

பூச்சி அண்டாத களிம்பும் தடித்த காலுறைகளும் அனுப்பியிருக்கிறேன். புல்லில் உட்காராதீர்கள், நாற்காலி எடுத்துப் போங்கள். திரும்பியதும் குளித்து, துணியை வெந்நீரில் போடுங்கள். லேசாகச் சூடு கண்டாலும் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். போனவுடன் முதலில், மலைக்குப் போய்வந்தேன் என்று சொல்லுங்கள். அதை முதலில் சொல்லுங்கள் அத்தை.

கொசுவலைப் பெட்டி நல்ல யோசனை.

அன்புடன்,
தமிழழகன்


கச்சிராயபாளையம்
22.10.2023

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம்தானே? எனக்குக் காய்ச்சல் இல்லை, சளிகூட இல்லை. நம்புங்கள்.

ஆண் வந்துவிட்டது!

முந்தின நாள் மழை பெய்து விட்டிருந்தது. பெட்டியை வைத்துவிட்டு நாற்காலியில் (நீங்கள் சொன்னபடி நாற்காலியில்தான்) உட்கார்ந்திருந்தோம். சாலம்மாள் கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். பெண் வழக்கம்போல எரிந்துகொண்டிருந்தது. கண்ணில் தூசி விழுந்ததுபோல ஏதோ ஒன்று மங்கலாகக் குறுக்கே போயிற்று. சாலம்மாள் கத்தியைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"டீச்சர், மாப்ள வந்துட்டாரு! பாருங்க, பொண்ணு பாக்க வந்தவரு உள்ள வரக் கூச்சப்பட்டுக்கினு வலை மேலயே குந்திக்கினு கீறாரு!"

கறுப்புச் சிறகு, கழுத்து மூடிபோல் ஒரு தகடு, பெண்ணில் பாதி அளவுகூட இல்லை. வலையைத் தூக்கினேன். நேராக அவளிடம் போயிற்று. இரண்டும் சேர்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே பிடித்தேன். ஜோடி இதுதான் என்பதில் சந்தேகம் இருக்கக்கூடாது அல்லவா? பின்னாலேயே இன்னொரு ஆணும் வந்தது. அதையும் எடுத்தேன். பெண்ணைக் கொல்ல மனம் வரவில்லை. வாணியுடையது இருக்கிறதே, போதும்.

வாணியை நீங்கள் பெண் பார்க்க வந்தபோது வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமல் நின்றீர்கள். சாலம்மாள் சொன்னதும் அது நினைவுக்கு வந்தது. சிரித்துக்கொண்டேதான் இருந்தேன். பிறகு முடியவில்லை.

இன்னொரு விஷயம். ரிஷிவந்தியம் கோயிலில் உங்கள் அம்மாவைப் பார்த்தேன். உங்களுக்கு இன்னொரு இடம் பார்க்கலாமா என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். என்னிடம் கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே, அதற்கு நான் கடமைப்பட்டவள். உங்களுக்கு வயது இருக்கிறது. மறுத்துவிடாதீர்கள்.

ஆண் இரண்டையும் தனியே அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் அத்தை,
அமிர்தம்


கல்கத்தா
20.11.2023

அன்புள்ள அத்தைக்கு வணக்கம்.

பார்சல் வந்தது. இரண்டும் நல்ல நிலையில் இருக்கின்றன. மிகக் கவனமாக எடுத்திருக்கிறீர்கள்.

பார்க்க நேரம் வேண்டும். அவசரப்படும் வேலை இல்லை. அலுவலகத்திலும் ஆண்டுக் கணக்கெடுப்பு நடக்கிறது.

வாணியின் நாளன்று விடுப்பு எடுத்தேன். இங்கே ஆற்றங்கரை வரைக்கும் நடந்துவிட்டு வந்தேன். நீங்கள் தனியாகப் படையல் போட்டிருப்பீர்கள். வர முடியாததற்கு மன்னியுங்கள்.

உடம்பைப் பாருங்கள்.

தமிழழகன்


கச்சிராயபாளையம்
18.1.2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பொங்கல் போயிற்று. நம் வீட்டில் பொங்கல் வைக்கவில்லை. பக்கத்து வீட்டு ராதிகா ஒரு கிண்ணம் கொடுத்துவிட்டுப் போனாள். தித்திப்பாக இருந்தது. நீங்கள் நலமா? உங்களிடமிருந்து கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகப்போகிறது.

சாலம்மாள் கிழங்கு விற்கக் கள்ளக்குறிச்சிக்கு வந்தவள் வீட்டுக்கும் வந்தாள். "பூச்சிக்குப் பேரு வெச்சாச்சா டீச்சர்? எங்க கொல்லையில புடிச்ச பூச்சி, எங்களுக்குச் சொல்லாம வெச்சிடாதீங்க" என்றாள். நான் அவளுக்குச் சொன்னேன்: குழந்தை பிறந்த அன்றே பெயர் வைப்போமா? பார்த்து, யோசித்துத்தான் வைப்பார்கள் என்று.

எனக்கு ஒரு சந்தேகம். பெயர் எப்படி வரும்? வாணி என்று சுருக்கமாகவா, கோகிலவாணி என்று முழுதுமாகவா? முழுதாக வந்தால் அவள் அப்பாவுக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். அவர் பிடிவாதமாக வைத்த பெயர். ஆனால் வெளிநாட்டுக்காரர் வாயில் நுழையவேண்டுமே என்றும் இருக்கிறது. உங்கள் விருப்பம்.

உங்கள் அத்தை,
அமிர்தம்


கல்கத்தா
12.2.2024

அன்புள்ள அத்தைக்கு வணக்கம்.

நலம். குளிர் விட்டுவிட்டது. உங்களுக்கு ஒரு சால்வை அனுப்பியிருக்கிறேன். மார்கழியிலேயே அனுப்பியிருக்க வேண்டும். இங்கே நுண்ணோக்கியின் விளக்கு பழுது, பம்பாயிலிருந்து வரவேண்டும் என்கிறார்கள். அலுவலக மாடியில் காகம் கூடு கட்டியிருக்கிறது. கம்பித் துண்டுகளையும் வைத்துக் கட்டியிருக்கிறது.

நீங்கள் இனி மலைக்குப் போகவேண்டிய தேவை இருக்காது.

தமிழழகன்


கச்சிராயபாளையம்
3.3.2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சால்வை வந்தது. நல்ல நிறம். வெயில் தொடங்கிவிட்டதால் மடித்து வைத்திருக்கிறேன். நீங்கள் நலமாக இருக்கவேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

நான் எத்தனையோ விடைத்தாள் திருத்தியவள். கேட்ட கேள்விக்கு விடை தெரியாத பிள்ளை தனக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதிப் பக்கத்தை நிரப்பும். இருதயத்தைப் பற்றிக் கேட்டால் நுரையீரலை எழுதி வைக்கும். நான் ஒன்றும் சொல்லமாட்டேன், பக்கத்தில் ஒரு கோடு போடுவேன். விடை தெரிந்தும் எழுதாத பிள்ளையை ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். அப்பாவின் தொழில் என்ன, குடும்பத்தில் யார் யார் என்று கட்டுரைக்குக் கேள்வி வந்திருந்தது. அவன் அப்பா முந்தின வாரம்தான் இறந்திருந்தார். அவன் காகத்தைப் பற்றி எழுதியிருந்தான்.

போன கடிதத்தில் நீங்களும் காகத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள்.

நேரே கேட்கிறேன். அந்தப் பூச்சிக்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறதா? இருந்தால் இருக்கிறது என்று எழுதுங்கள். என்ன ஆகிவிடும் எனக்கு? ஆகவேண்டியது ஆகிவிட்டது.

உங்கள் அத்தை,
அமிர்தம்


கல்கத்தா
28.3.2024

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நான் நலம் என்று எழுதினால் அதுவும் நுரையீரல்தான்.

இருக்கிறது அத்தை. அந்தப் பூச்சிக்குப் பெயர் இருக்கிறது.

பார்சல் வந்த அன்றே பார்த்துவிட்டேன். விளக்கு பழுதாகவில்லை. எங்கள் அலமாரி ஒன்றில் நூறு வருடங்களுக்கு மேல் பழைய ஆண் ஒன்று இருக்கிறது. ஒரு காலும் ஒரு உணர்கொம்பும் உடைந்துபோனது. யாரோ ஒரு வெள்ளைக்காரர் தென்னாட்டு மலை ஒன்றில் பிடித்துப் பெயர் வைத்தது. எந்த மலை என்றுகூடச் சீட்டில் இல்லை. நீங்கள் அனுப்பிய ஆணும் அதுவும் ஒரே இனம்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். திரும்பத் திரும்ப ஒன்றாகத்தான் இருந்தது.

அதன்பிறகு செய்ததையும் சொல்லிவிடுகிறேன். வித்தியாசம் தேடினேன். வெள்ளிமலை ஆணின் உடல் கொஞ்சம் பெரிது, கழுத்துத் தகட்டின் ஓரம் கொஞ்சம் வெளிர். அது போதும் என்று வைத்துக்கொண்டு, புதிய இனம் என்று முழுக் கட்டுரையும் எழுதினேன். முழுப் பெயரையும் வைத்தேன், கோகிலவாணி என்று. ஒரு பிரதி அச்சிட்டும் பார்த்தேன். சாய்ந்த எழுத்தில் அவள் பெயர் அவ்வளவு அழகாக இருந்தது அத்தை. ஒரு வாரம் பைக்குள் வைத்துக்கொண்டே அலுவலகம் போய்வந்தேன்.

ஆனால் நாலைந்து வருடத்தில் யாராவது ஒருவர் அந்தப் பழைய பூச்சியை எடுத்துப் பார்ப்பார். இது வேறில்லை என்று எழுதுவார். அதற்குப் பிறகு எல்லாப் பட்டியலிலும் அவள் பெயர் தவறான பெயர் என்ற குறிப்போடுதான் நிற்கும். நான் அதைத் தெரிந்தே செய்ததாக ஆகிவிடும். வாணிக்குத் தெரிந்தால் முகம் கொடுத்துப் பேசமாட்டாள். கிழித்துவிட்டேன்.

எதற்காக அவள் அந்தப் புதருக்குள் போனாளோ அது புதியதில்லை என்று உங்களிடம் எப்படிச் சொல்வது? அதனால்தான் எழுதவில்லை.

உண்மையாகச் சொல்ல ஒன்று இருக்கிறது. அந்த ஆணுக்குப் பெயர் வைத்தவர் பெண்ணைக் கண்டதேயில்லை. இன்றுவரை புத்தகங்களில் "பெண் அறியப்படவில்லை" என்றுதான் இருக்கிறது. அவளை முதலில் கண்டது வாணி. இதுதான் அதன் ஆண் என்று காட்டியது நீங்கள். இரண்டு பக்கம் வரும் சிறு குறிப்பு அது. பெரிதாக யாரும் படிக்கமாட்டார்கள். பூச்சிகள் ஒரே பெட்டியில் இருக்கும், அடியில் சேகரித்தவர்கள் பெயரோடு. குறிப்பிலும் இரண்டு பேர் பெயரும் வரும். மூத்தவர் என்ற முறையில் உங்கள் பெயரை முதலில் போடட்டுமா?

என்னை மன்னிக்க முடிந்தால் எழுதுங்கள்.

தமிழழகன்


கச்சிராயபாளையம்
21.4.2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தையின் ஆசீர்வாதம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றும் இல்லை, பேனாவை எடுக்கத்தான் முடியவில்லை.

மலைக்குப் போய்ச் சாலம்மாளிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவளுக்குச் சொல்லாமல் இருப்பது நியாயம் இல்லை.

"பேரு ஏற்கெனவே இருக்குதாம் சாலம்மா. ஒரு வெள்ளைக்காரர் எப்பவோ வெச்சது."

"அவன் வெச்சா வெச்சுட்டுப் போறான். எங்க கொல்லைக்கு வந்து கேட்டுக்கினா வெச்சான்?" என்று சண்டைக்கு நின்றாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. "அப்ப அந்தப் பொண்ணு போனது..." என்றாள்.

வகுப்பில் பதில் தெரியாத கேள்வி வந்தால், "நாளைக்குப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்பேன். எந்தப் பிள்ளைக்கும் அதைச் சொல்ல நான் கூச்சப்பட்டதில்லை. சாலம்மாளிடம் அதைக்கூடச் சொல்ல முடியவில்லை. அவள் சீவிக்கொண்டிருந்த கிழங்கில் பாதியை என் பக்கம் தள்ளினாள். இரண்டு பேருமாகச் சீவினோம். ஓடை வற்றிக் கிடக்கிறது. மின்மினி ஒன்றும் இல்லை. மழை விழுந்தால்தான் வரும்.

உங்களை மன்னிக்க என்ன இருக்கிறது? நீங்கள் செய்தது சரி. அந்தப் பக்கத்தைக் கிழிக்காமல் எனக்கு அனுப்பியிருக்கலாம். ஒரு முறை பார்த்துவிட்டு நானே கிழித்திருப்பேன்.

உங்கள் அம்மா சொன்னதைப் பற்றி நான் எழுதியதற்கு நீங்கள் பதிலே எழுதவில்லை. இப்போது வேண்டாம். எழுதத் தோன்றும்போது எழுதுங்கள்.

குறிப்பை எழுதுங்கள். இரண்டு பக்கம் போதும். அவளைப் பற்றி எதையும் கூட்டி எழுத வேண்டாம், கண்டாள் என்று மட்டும் இருக்கட்டும். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்: மூத்தவர் பெயர் முதலில் என்பது முறைதான். கல்யாணப் பத்திரிகையிலும் அப்படித்தான் போட்டோம். ஆனால் இதில் என் பெயரை வாணிக்குப் பின்னால் போடுங்கள். நம் வீட்டிலிருந்து அந்த மலைக்கு முதலில் போனவள் அவள்தானே.

வெயில் கடுமையாக இருக்கிறது. மோர் நிறையக் குடியுங்கள்.

உங்கள் அத்தை,
அமிர்தம்